தலைவாழை என்னும் தட்டு: கொல்லிமலை விருந்துக்கு ஓர் அறிமுகம்

காரவல்லியில் தொடங்கி 70 கொண்டை ஊசி வளைவுகளாக ஏறுகிறது கொல்லிமலைச் சாலை. மேலே போகிற வண்டிகளில் விருந்தாளிகள் இருப்பார்கள். கீழே இறங்குகிற வண்டிகளில் வாழைத்தார், பலா, அன்னாசி, மிளகு மூட்டை. சோளக்காட்டுச் சந்தையில் தாருக்கும் பழத்துக்கும்தான் விலை பேசுவார்கள். அந்தத் தாரைச் சுமந்த வாழையின் இலையைப் பற்றிப் பேச்சு எழுவது அபூர்வம். சாப்பாட்டு மேசையை அழகாக அமைக்க வேண்டும், செலவும் கையைக் கடிக்கக் கூடாது என்று நினைக்கிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய பொருள் அந்த இலைதான்.

பத்துப் பேரைச் சாப்பிட அழைத்தால் வீட்டில் ஒரே மாதிரியான பத்துத் தட்டு இருக்காது. நான்கு எவர்சில்வர் தட்டு, மூன்று பீங்கான், பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கிய மூன்று. கடைக்குப் போய் ஒரு செட் வாங்கினால் அந்த மாதச் சமையல் செலவே அதில் போய்விடும். வாழை இலைக்கு இந்தச் சிக்கல் கிடையாது. பத்து இலை விரித்ததும் மேசை முழுக்க ஒரே நிறம், ஒரே வடிவம். அந்தப் பச்சையின் மேல் வெள்ளைச் சோறும் மஞ்சள் பருப்பும் சிவந்த ஊறுகாயும் தனித்தனியே எடுப்பாகத் தெரியும். சமைத்தவர் அலங்காரத்துக்கென்று எதுவும் செய்திராவிட்டாலும் மேசை நிறைந்திருக்கும்.

இந்த அழகு தற்செயலாக வந்ததன்று. இலையின் உடலமைப்பைப் பார்த்தால் காரணம் புரியும்.

நாம் வாழைமரம் என்று சொன்னாலும் வாழை மரமன்று. தண்டு போல நிற்பது ஒன்றையொன்று சுற்றிய இலை மட்டைகள்தான். நடுவிலிருந்து குருத்து சுருளாக மேலெழும்பி, வெளியே வந்து விரியும். கீழ்நாட்டின் வெயிலில் வாரத்துக்கோ பத்து நாளுக்கோ ஓர் இலை விரியும். ஆயிரம் மீட்டருக்கு மேலே, கொல்லிமலையின் குளிரில், அதற்குக் கூடுதல் நாள் ஆகும். விரிந்த இலை இரண்டு மீட்டருக்கு மேலும் நீளும். இவ்வளவு பெரிய பரப்பைத் தாங்குவது நடுத்தண்டு. அதைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள்: உள்ளே வரிசை வரிசையாகக் காற்றறைகள். கனம் குறைவு, வளைந்து கொடுக்கும், எளிதில் ஒடியாது. நடுத்தண்டிலிருந்து நரம்புகள் இணையாக ஓரம்வரை ஓடுகின்றன. ஆனால் ஓரத்தைச் சுற்றிக் கட்டிப்பிடிக்கிற வலுவான நரம்பு எதுவும் இல்லை. அதனால்தான் பலத்த காற்றில் வாழை இலை நார்நாராகக் கிழிகிறது. வாழைக்கு இது நல்லதே. கிழிந்த இலையின் ஊடே காற்று புகுந்து போய்விடும், தண்டு முறியாமல் தப்பும். கிழிந்த பின்னும் இலை உணவு தயாரிப்பதை நிறுத்துவதில்லை. பந்திக்கு இலை தேடுகிறவருக்குத்தான் சங்கடம்.

கல்யாணங்கள் இல்லாத ஆடியில் இலைக்குக் கிராக்கி குறைவு, விலையும் இறங்கும். ஆனால் ஆடிக்காற்றில் கிழியாத இலை கிடைப்பதும் அரிது. கொல்லிமலையில் வல்வில் ஓரி விழா நடப்பதும் அந்த ஆடியில்தான். கடையெழு வள்ளல்களில் ஒருவனான ஓரியின் மலைக்கு அப்போது கூட்டம் கூடும். அந்த நாட்களில் விருந்து வைப்பவர்கள் காற்று மறைவான இடத்து வாழையைத் தேட வேண்டும். மலையில் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருக்க, அவற்றின் கீழே காப்பியும் வாழையும் கலந்து நிற்கும் தோட்டங்கள் உண்டு. சுற்றி நிற்கும் மரங்கள் காற்றைத் தடுக்கும் இடத்தில் முழு இலை கிடைக்க வாய்ப்பு அதிகம்.

தோட்டக்காரரிடம் இலை கேட்கும் முன் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். வாழை தன் வாழ்நாளில் முப்பதுக்கும் மேற்பட்ட இலைகள் விடும். பூ தள்ளிய பிறகு புதிய இலை விடாது. அதன்பின் வெட்டுகிற ஒவ்வோர் இலையும் தாருக்கு நிகர நட்டம். தார் நன்றாகத் திரள, பூ தள்ளும் நேரத்தில் எட்டு நல்ல இலைகளாவது நிற்க வேண்டும் என்பது வாழை விவசாயத்தின் கணக்கு. இலைக்காகவே வாழை வளர்ப்பவர்கள் பூவன் போன்ற ரகங்களை நெருக்கமாக வைத்து, தாரை எதிர்பார்க்காமல் வெட்டிக்கொண்டே இருப்பார்கள். கொல்லிமலையில் கருவாழை போன்ற மலை ரகங்களைப் பழத்துக்காகத்தான் வளர்க்கிறார்கள். ஆகவே தார் தொங்கும் வாழையைக் காட்டி இலை கேட்பது முறையன்று. எப்படியும் கழிக்கப்போகிற பக்கக் கன்றுகளில் அகல இலை விட்டவை இருக்கும். அவற்றைக் கேட்டு வாங்கலாம். அவருக்கு நட்டமில்லை, நமக்குச் செலவும் குறைவு.

ஓர் இலையில் நுனி ஒன்றுதான். நுனியோடு ஒன்றரை அடி நீளத்துக்கு வெட்டினால் அது தலைவாழை இலை. மீதிப் பகுதியை நடுத்தண்டை நீக்கித் துண்டுகளாக்கினால் ஏடு. பத்துத் தலைவாழை வேண்டுமென்றால் பத்து முழு இலை வெட்ட வேண்டும். அதனால்தான் நுனியிலையை மரியாதைக்குரியவருக்கு என்று ஒதுக்கும் வழக்கம் வந்தது. செலவை இன்னும் இறுக்கிப் பிடிக்க நினைத்தால், இரவு விருந்துக்குத் தலைவாழை போட்டுவிட்டு, மீந்த ஏடுகளை ஈரச் சாக்கில் சுற்றி வைத்து மறுநாள் காலை இட்லிக்கு எடுத்துக்கொள்ளலாம். வெட்டிய இலையும் நீரை இழந்துகொண்டேதான் இருக்கும். நிழலும் ஈரமும் இருந்தால் ஒரு நாள் தாக்குப்பிடிக்கும். வெட்டு வாயிலிருந்து வடியும் பால் துணியில் பட்டால் கறை போகவே போகாது. அதிலுள்ள துவர்ப்புப் பொருள்கள் காற்றுப் பட்டதும் கறுத்து நூலைப் பற்றிக்கொள்ளும். எனவே பால் வடிந்து உலர்ந்தபின் வெட்டு முனையைக் கழுவித் துடைத்துவிட்டு மேசைக்குக் கொண்டுவருவது நல்லது.

இனி இலையின் மேற்பரப்பு. வாழை இலையில் நீர் தெளித்தால் நீர் உள்ளே இறங்காமல் திரண்டு நிற்கும். இலையின் தோல் மேல் மெல்லிய மெழுகுப் படலம் இருப்பதே காரணம். அடிப்பக்கத்தில் இந்த மெழுகு வெண்ணிறப் பூச்சாகவே தெரியும், விரலால் தேய்த்தால் வழித்து வரும். சாப்பாடு வைப்பது பளபளப்பான மேல்பக்கத்தில். இலைகளின் மெழுகைப் பற்றி உலகம் விரிவாகப் பேசத் தொடங்கியதற்குத் தாமரை இலை ஒரு காரணம். ஜெர்மன் தாவரவியலாளர்கள் வில்ஹெல்ம் பார்த்லாட்டும் கிறிஸ்டோஃப் நைன்ஹுயிஸும் 1997-இல், தாமரை இலையின் நுண்ணிய மேடுகளும் அவற்றின் மேலுள்ள மெழுகுத் துகள்களும் சேர்ந்து நீரை எப்படி உருட்டிவிடுகின்றன, உருளும் துளி தூசியை எப்படி அள்ளிப் போகிறது என்று விளக்கினார்கள். தாமரை இலையிலும் நம்மவர்கள் உண்பதுண்டு. ஆனால் ரசம் ஊற்றிப் பிசைந்து சாப்பிட வாழை இலைதான் ஏற்றது. நீரை உள்ளே விடாது, அதே சமயம் தாமரை இலையளவு நழுவவும் விடாது.

சூடான சோறு பட்ட இடத்தில் இலை பச்சை மாறி ஆலிவ் பழ நிறத்துக்கு வருவதைக் கவனித்திருப்பீர்கள். பச்சையத்தின் நடுவே ஒரு மக்னீசியம் அணு உட்கார்ந்திருக்கிறது. சூடும் புளிப்பும் சேர்ந்தால் அது கழன்றுபோகும், நிறமும் மங்கும். புளிக்குழம்பு விழுந்த இடம் சீக்கிரம் பழுப்பதும் இதனால்தான். இலை கெட்டுவிட்டது என்று விருந்தாளி முகம் சுளிக்க வேண்டியதில்லை. பரிமாறுபவர் மட்டும் ஒன்றைக் கவனிக்கலாம்: ஆவி பறக்கும் சோற்றைக் கொட்டியதும் இலையின் செல்கள் தளர்ந்து அந்த இடம் துவண்டுவிடும். அடியில் மேடு பள்ளம் இருந்தால் அங்கேதான் முதலில் கிழியும். சமதளத்தில் விரிப்பது அதனால் அவசியம். இந்தத் துவளலையே வேண்டுமென்று செய்தால் அதற்குப் பெயர் வாட்டுதல். தணலின் மேல் இலையை மெல்ல இழுத்தால் மெழுகு உருகிப் பரவிப் பளபளக்கும், விறைப்பு போய்விடும், எப்படி மடித்தாலும் கிழியாது. கட்டுச்சோறு கட்டுவது இப்படித்தான்.

வாழை இலையில் சாப்பிட்டால் இந்த நோய் வராது, அந்தச் சத்து ஏறும் என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். இலையின் பெருமைக்கு அந்த மருந்துப் பேச்சு தேவையே இல்லை என்று நான் நினைக்கிறேன். சுத்தமானது, மலிவானது, அழகானது, மாட்டுக்குத் தீனியாகக்கூடியது. ஒரு தட்டிடம் இதற்கு மேல் என்ன கேட்க வேண்டும்?

இலை போடுவதற்கும் ஒழுங்கு உண்டு. நுனி, சாப்பிடுபவரின் இடக்கைப் பக்கம் இருக்க வேண்டும். வலக்கையால் பிசைந்து உண்பவருக்கு அகலமான பகுதி வலப்பக்கம் அமையும். குறுகிய இடப்பக்கத்தில் உப்பும் ஊறுகாயும் அடங்கிவிடும். நடுத்தண்டு இலையை மேல் கீழ் என இரண்டாகப் பிரிக்கும். மேல்பாதியில் பொரியல், கூட்டு, வறுவல், அப்பளம். கீழ்ப்பாதியில் சோறு. இரண்டுக்கும் நடுவே மேடாக நிற்கிற தண்டு, குழம்பு மேலேறிப் பொரியலை நனைக்காதபடி வரப்பாக நிற்கிறது. எந்தப் பதார்த்தம் எந்த மூலையில் என்பது ஊருக்கு ஊர் மாறும், வீட்டுக்கு வீடும் மாறும். சாப்பிட்டு முடித்தபின் இலையைத் தன் பக்கமாக மடிப்பதா, எதிர்ப்பக்கமாக மடிப்பதா என்பதிலும் அப்படியே. சுபகாரியத்தில் தன் பக்கம், துக்க வீட்டில் எதிர்ப்பக்கம் என்பது பலர் சொல்லும் முறை. அழைத்தவர் வீட்டு வழக்கத்தைக் கேட்டுக்கொள்வது மரியாதை.

வீட்டு மேசையில் இலை போடும்போது நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இது: எதிரெதிரே உட்கார வைக்காதீர்கள். பந்தியில் ஒரே வரிசையாக உட்கார வைத்து எதிர்ப்புறம் நடந்து பரிமாறுவதில் பெரிய வசதி இருக்கிறது. பரிமாறுபவரின் கை யாருடைய தோளுக்கு மேலும் நீள வேண்டியதில்லை. எந்த இலையில் எது தீர்ந்தது என்று ஒரே பார்வையில் தெரியும். நீள மேசையோ, இரண்டு மேசையைச் சேர்த்துப் போட்டதோ, தரையில் பாயோ, எதுவானாலும் சரி. இலைக்கும் இலைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விட்டால் முழங்கை இடிக்காது. தண்ணீர் டம்ளரை இலையின் மேல் ஓரத்தை ஒட்டி வைத்தால் காற்றில் இலை தூக்காது. கொல்லிமலை மாலைக் காற்றில் திண்ணையில் விருந்து வைப்பவர்களுக்கு இது உதவும்.

இலையின் கீழே என்ன விரிப்பது? பல இடங்களில் மேசை மேல் பிளாஸ்டிக் தாளை உருட்டி விரிப்பது வழக்கமாக இருந்தது. தமிழ்நாடு அரசு 2018-இல் ஆணையிட்டு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்த, ஒருமுறை பயன்படுத்தும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களில் சாப்பாட்டு மேசையில் விரிக்கும் தாளும் ஒன்று. தெர்மகோல் தட்டும் பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டும் அதே பட்டியலில் இருக்கின்றன. வாழை இலை மாதிரியே அச்சடித்துப் பிளாஸ்டிக் பூசிய வட்டத் தட்டும் அந்தத் தடைக்குள் வருவதுதான். விரிப்பதற்கு என் தேர்வு கோரைப்பாய். மலைக்குக் கீழே காவிரிக் கரையில் மோகனூர், முசிறிப் பக்கம் கோரை விளைகிறது, அங்கேயே பாயும் நெய்கிறார்கள். குறுகலான பாய் ஒன்றை மேசை நீளத்துக்கு விரித்து அதன்மேல் இலை போட்டால் வைக்கோல் மஞ்சளும் பச்சையும் நன்றாகச் சேரும். சிந்தினால் ஈரத்துணியால் துடைத்து வெயிலில் காயப்போட்டால் போதும், பல விருந்துக்கு வரும்.

மேசையின் நடுவே பூச்சாடி வைப்பது பலரின் வழக்கம். வாழை இலை விருந்தில் அதற்குப் பதில் ஒரு முழு இலையை நடுத்தண்டோடு நீளவாக்கில் கிடத்துங்கள். அதன்மேல் அந்தந்தப் பருவத்துப் பழங்கள்: ஒரு சீப்பு வாழை, கொண்டையோடு ஓர் அன்னாசி, பிளந்த பலா. பச்சை மிளகுச் சரம் தொங்கும் கொடி கிடைத்தால் இரண்டு துண்டு. இரவானால் நடுவே நான்கைந்து மண் அகல் விளக்கு. மல்லிகை போன்ற மணம் மிகுந்த பூக்களைச் சாப்பாட்டுக்கு அருகே வைக்க வேண்டாம். ரசத்தின் வாசமும் பூவின் வாசமும் ஒன்றையொன்று கெடுக்கும். அலங்காரத்துக்கு வைத்த பழத்தையே கடைசியில் வெட்டிப் பரிமாறிவிடலாம், வீணாக எதுவும் மிஞ்சாது.

இந்த மலைக்கே உரிய சமையல் இலையில் எப்படி அமரும் என்பதையும் சொல்ல வேண்டும். இங்கு வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் தலைமுறைகளாக விதைத்து வந்தவை சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு. சாமையில் மட்டும் பெருஞ்சாமை, கட்டவெட்டிச் சாமை, திரிகுளச் சாமை, மல்லியச் சாமை என்று பல வகை. ஜவ்வரிசி ஆலைகளுக்கான மரவள்ளி நல்ல பணம் தந்ததால் சிறுதானிய நிலம் சுருங்கியது. சாமையைக் குத்திப் புடைத்து அரிசியாக்கும் வேலை முழுக்கப் பெண்களின் தலையில் விழுந்ததும் அது சுருங்கக் காரணம். 1990-களிலிருந்து எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே விதை வங்கிகள், உமி நீக்கும் இயந்திரங்கள் என்று உழவர்களோடு சேர்ந்து வேலை செய்திருக்கிறது. சாமையரிசி இன்று கடையில் சாதாரண அரிசியைவிட விலை கூடுதல். அதனால் எல்லாவற்றையும் சாமையில் செய்யாமல் தயிர்ச்சோற்றையோ பாயசத்தையோ மட்டும் சாமையில் செய்வது புத்திசாலித்தனம். பாயசத்தை இலையில் ஊற்றினால் ஓடும், கெட்டியாகக் காய்ச்ச வேண்டும். கேழ்வரகுக் களி இலைக்கென்றே பிறந்த உணவு. உருண்டையின் நடுவே குழி செய்து குழம்பை ஊற்றினால் ஒரு சொட்டும் வெளியே வராது. தேன் கலந்த தினைமாவு உருண்டையை இலையின் மூலையில் வைத்தால் இனிப்பும் ஆயிற்று.

முடவாட்டுக்கால் சூப் மட்டும் இலையில் ஆகாது. கொல்லிமலைக்கு வந்தவர்கள் தேடிக் குடிக்கும் சூப் இது. முடவாட்டுக்கால் என்பது பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் ஒரு பெரணியின் கிழங்கு. பழுப்பு ரோமம் மூடி ஆட்டுக்கால் மாதிரி இருக்கும், அந்தத் தோலைச் சீவி மிளகு, சீரகம், பூண்டு போட்டுக் கொதிக்க வைப்பார்கள். இதற்குத் தேய்த்து வழவழப்பாக்கிய கொட்டாங்குச்சிகள் நன்றாக இருக்கும், காலுக்கு ஒரு வளையம் வைத்தால் கவிழாது. தொட்டுக்கொள்ளும் துவையல், நெய் போன்ற கொஞ்சம் கொஞ்சமான சங்கதிகளுக்கு வாட்டிய ஏட்டை மடித்து ஈர்க்குக் குத்திய தொன்னை போதும். குழந்தைகளிடம் கொடுத்தால் அரை மணியில் இருபது தொன்னை செய்துவிடுவார்கள்.

இலை கிடைக்காத நாளில் என்ன செய்வது? தையல் இலை உண்டு. மந்தாரை, ஆல், முருக்கு போன்ற அகன்ற இலைகளை ஈர்க்கால் இணைத்துத் தைத்து உலர்த்தியது. உலர்ந்த இலை மாதக்கணக்கில் கெடாது, அடுக்கி வைக்கலாம். ஒடிசா, ஜார்க்கண்டில் சால் இலையிலும் நேபாளத்தில் டபரி என்ற பெயரிலும் இதே கைவேலை நடக்கிறது. மலைக்கு வடக்கே சேலம் மாவட்டத்தின் வாழப்பாடி, பெத்தநாயக்கன்பாளையம் பக்கத்துப் பாக்குத் தோப்புகளில் தானாக உதிரும் மட்டையைக் கழுவி, சூடான அச்சில் அழுத்திச் செய்யும் பாக்குமட்டைத் தட்டு இன்னொன்று. உறுதியானது, பார்வைக்கும் நன்றாக இருக்கும். ஆனால் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2025-இல் இந்தத் தட்டுகளைப் பற்றி எச்சரித்திருக்கிறது. பாக்கிலுள்ள அரிகோலின் போன்ற ஆல்கலாய்டுகள் மட்டையிலிருந்து உணவில் இறங்கக்கூடும் என்பது அதன் கவலை. அது தெளிவாகும்வரை சூடான குழம்பும் ரசமும் ஊற்றும் தட்டாக நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். பழம், பலகாரம் வைக்க வேண்டுமானால் அதன்மேல் வாழை ஏடு ஒன்றைப் போட்டுக்கொள்ளலாம்.

சிங்கப்பூர் ரேஸ் கோர்ஸ் ரோட்டிலும் மலேசியத் தமிழர் கடைகளிலும் வாழையிலைச் சாப்பாடு இன்று எல்லா இனத்தவரும் வரிசையில் நின்று உண்ணும் சாப்பாடு. அங்கெல்லாம் இலை கடையில் காசு கொடுத்து வாங்குவது. கொல்லிமலையில் வீட்டுக் கொல்லையில் நிற்கிறது. விருந்தாளிக்கு ஒரு தலைவாழை, நடுவே கிடத்த ஒரு முழு இலை, தொன்னைக்கு இரண்டு ஏடு என்று கணக்குப் போட்டு, கிழியும் என்று இரண்டு இலை கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். கத்தி, முள்கரண்டி கேட்கும் விருந்தாளிகள் இருந்தால் அவர்களுக்குக் கரண்டி மட்டும் கொடுங்கள். முள்ளும் கத்தியும் இலையைக் கிழித்துப் பாயை நனைக்கும். சாப்பிட்டு முடிந்ததும் இலைகளை எடுப்பவர் எலும்பு, காகிதக் கைக்குட்டை, தண்ணீர்ப் பாட்டில் மூடி எல்லாவற்றையும் தனியாகப் பிரித்துவிட வேண்டும். அந்த எச்சில் இலைகளைத் தின்னப்போகும் மாட்டின் வயிற்றில் மூடி ஒன்று போனாலும் அதன் உயிருக்கே ஆபத்து. மாடு இல்லாத வீட்டில் குப்பைக்குழியில் போட்டு மண் மூடினால் சில வாரங்களில் மக்கிவிடும். அதை அள்ளி அதே வாழையின் அடியில் போடலாம்.